தும்மலுக்கு மரம் மட்டுமா காரணம்?

மார்ச்சில் ரப்பர் பூக்கும்போது ஓயாத தும்மல். மகரந்தம்தானே?

ரப்பர் மகரந்தம் பிசுபிசுப்பானது, சின்னப் பூச்சிகள்தான் சுமக்கும், காற்றில் அவ்வளவாகப் பறக்காது. மெத்தை, தலையணையைப் பாருங்கள். நம் மலேசியாவில் முதல் சந்தேகம் மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி மேல்தான். தோல் சோதனை செய்யாமல் மரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) வண்டுதானே மகரந்தம் சுமக்கிறது, அப்புறம் ஒவ்வாமை எப்படி?

கேமரூனிலிருந்து அந்த வண்டு 1981-இல் இங்கே வந்தது, சரி. அதற்காகத் தூள் பறக்காமல் போய்விடுமா? ஆண் பாளை விரிந்த மரத்தடியில் நின்று பாருங்கள், சோம்பு வாசனை அடிக்கும், பாளையைத் தட்டினால் சட்டையெல்லாம் மஞ்சள். சிங்கப்பூர்க் காற்றிலேயே செம்பனை மகரந்தம் சிக்கியிருக்கிறது.

புகைமூட்டம் வந்தால் மட்டும் மகனுக்கு இழுப்பு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் அக்கேசியா மரத்தை வெட்ட மனு கொடுக்கலாமா?

எழுதியதை நீங்களே ஒரு தடவை படியுங்கள்: புகைமூட்டம் வந்தால் மட்டும்! மரம் வருஷம் முழுக்க அங்கேதானே நிற்கிறது? புகை மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கும், புண்ணான இடத்தில் மகரந்தப் புரதம் சுலபமாக இறங்கும். டீசல் கரி மகரந்தத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அந்தப் புரதத்தையே மாற்றிவிடும், மாறியதை உடம்பு இன்னும் மூர்க்கமாக எதிர்க்கும். ஜெர்மனியில் ஓசோன் கூடின இடத்து பர்ச் மரங்களின் மகரந்தத்தில் ஒவ்வாமைப் புரதமும் கூடியிருந்தது. ஜப்பானில் நிக்கோ பக்கம் 1980களில் பார்த்தார்கள்: சுகி மரம் (ஜப்பானிய சீடர்) எங்கும் ஒன்றுதான், ஆனால் வண்டிகள் நெரியும் சாலையோரத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் ஒவ்வாமை அதிகம். நான் தோட்டத்து டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த காலத்தில் இப்படித்தான் மனுப் போட்டு ஒரு மரத்தைச் சாய்த்தார்கள், சாய்த்த கிளையை லயத்துப் பின்னாலேயே குவித்துக் கொளுத்தினார்கள், அன்று ராத்திரி மூன்று பிள்ளைகளுக்கு நெபுலைசர் வைத்தேன். குப்பையைக் கொளுத்தாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது! மனு கொடுப்பதானால் அதற்குக் கொடுங்கள், லயத்து முன்னால் இஞ்சினை அணைக்காமல் நிற்கும் லோரிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

மழை பெய்தால் மகரந்தம் அடங்குமே?

நிதானமான மழையில் அடங்கும். இடிமழையின் தொடக்கத்தில் ஈரம் பட்டு வெடித்து, நுரையீரல் வரை போகும் பொடியாகிவிடும். 2016 நவம்பரில் மெல்பர்னில் புல் மகரந்தம் இப்படி வெடித்து 10 பேர் இறந்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள் இடி கேட்டதும் ஜன்னலைச் சாத்துங்கள்.

துணி முகக்கவசம் போதுமா?

மகரந்தத்துக்கு ஓரளவு. புகைக்குப் போதாது, என்95 வேண்டும்.

அலர்ஜிக்கு நல்ல மருந்து சொல்லுங்கள்.

வயது இல்லை, என்ன தொந்தரவு என்றும் இல்லை, எதை வைத்துச் சொல்வது? கிளினிக்குக்குப் போங்கள். இழுப்புக்கு உறிஞ்சும் நீலப் பம்பு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் இன்றைக்கே போங்கள். அப்புறம், குப்பையைக் கொளுத்தாதீர்கள்.