அறிக்கை சரி, ஸ்லாட் மட்டும் தப்பு

கோவையில் ஜாப் ஒர்க் செய்யும் வாசகர் கேட்கிறார்: "தரகர் மூலம் பழைய சிஎன்சி ரோட்டரி டேபிள் (வேலைத்துண்டைக் கேட்ட கோணத்துக்குத் திருப்பும் மேசை) வாங்கினேன். வார்ம் வீல் 72-க்கு 1, அதாவது வார்ம் என்ற திருகு 72 சுற்று சுற்றினால் டேபிள் ஒரு சுற்று. லேசரில் அளந்தது, பிழை 8 ஆர்க் செகண்ட்தான் (ஒரு டிகிரிக்கு 3600 ஆர்க் செகண்ட்) என்று அறிக்கையும் தந்தார்கள். ஆனால் 17, 43 டிகிரி என்று போடும் ஸ்லாட்கள் (பள்ளங்கள்) 150 மி.மீ. ஆரத்தில் 0.04 மி.மீ. வரை விலகுகின்றன. அறிக்கை பொய்யா?"

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதுதான் எரிச்சல். அறிக்கையில் 0, 30, 60 என்று 12 புள்ளிகள்தானே இருக்கின்றன? உங்கள் வார்ம் ஒரு சுற்று சுற்றினால் டேபிள் 5 டிகிரி நகரும். 30 டிகிரிக்குச் சரியாக 6 சுற்று. அதாவது அளந்த 12 முறையும் வார்ம் ஒரே நிலையில் நின்றிருக்கிறது. வார்ம் மையம் தப்பி ஓடினால் பிழை 5 டிகிரிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். லேசர் ஆனாலும், கோணம் அளக்கும் கண்ணாடிப் பாலிகனும் ஆட்டோகாலிமேட்டரும் ஆனாலும், 30 டிகிரிக்கு ஒருமுறை பார்த்தால் அது கண்ணில் படாது. உங்கள் 0.04 மி.மீ. சுமார் 55 ஆர்க் செகண்ட், தாராளமாக ஒளிந்திருக்கலாம்.

டேபிள் மையத்தில் ஆப்டிகல் என்கோடர் (கோணத்தை ஒளியால் படிக்கும் கருவி) பொருத்தி, ஏதாவது ஒரு 5 டிகிரிக்குள் அரை அரை டிகிரியாக, போகும்போதும் திரும்பும்போதும் அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் அலை தெரிந்தால் வார்ம். போன கோட்டுக்கும் வந்த கோட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவிலான தளர்வு.

"பேக்லாஷ் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் வருவார், ஜாக்கிரதை. மெஷின் செட்டிங்கில், பேராமீட்டரில் ஒரு எண்ணைத் தட்டிவிட்டுக் காசு கேட்பார். அது இடைவெளியை ஈடுகட்டும், அலை அப்படியே இருக்கும். வார்மை இறுக்கித் தருபவர் இன்னும் மோசம்: தேய்ந்த இடத்தில் சரியாக இருக்கும், தேயாத இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விலக்கு உண்டு. 5-ஆல் மீதியின்றி வகுபடும் கோணங்களில் மட்டும் வேலை செய்தால் வார்ம் அலை உங்களைத் தொடாது. 4 துளை, 8 துளை, 12 துளை சரி. 8 துளை என்றால் 45 டிகிரி, வார்ம் 9 சுற்று. ஆனால் 16 துளை என்றால் 22.5 டிகிரி, நாலரைச் சுற்று, மாட்டிக்கொள்வீர்கள். எங்கே தொடங்கினாலும் கணக்கு இதேதான். பேக்லாஷும் தொடாமலிருக்க, எப்போதும் ஒரே திசையிலிருந்து மட்டும் வந்து நில்லுங்கள்.

தணிக்கைக்கு வருபவர்களோ டேபிளை அளந்ததற்கான ஸ்டிக்கரில் தேதியைப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போகிறார்கள். எத்தனை டிகிரிக்கு ஒருமுறை அளந்தீர்கள் என்று கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தரகருக்கு மீதிப் பணம் பாக்கி இருந்தால், அந்த அரை டிகிரி வரைபடம் கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள்.