அடுக்கும் முன் முகவரியைப் பாருங்கள்

கேள்வி: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி மேல் சர்வோ மோட்டார்களை ஓட்டும் போர்டு, மின்னோட்டம் அளக்கும் போர்டு, பாட்டுக்கு ஒரு டாக் (டிஜிட்டலை ஒலிக்கான மின்னலையாக மாற்றும்) போர்டு என மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க நினைக்கிறேன். மூன்றிலும் 40 பின் ஹெடர் (பையோடு செருகும் பின் வரிசை) இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: செருகினால் உட்காரும், அதில் சந்தேகமில்லை. வேலை செய்யுமா என்பது வேறு கதை. எந்த போர்டு எந்தப் பின்னை எடுத்துக்கொள்கிறது என்று முதலில் பாருங்கள்.

சர்வோ போர்டுகளில் பெரும்பாலும் பிசிஏ9685 சிப் இருக்கும், மின்னோட்ட போர்டில் ஐஎன்ஏ219. இரண்டுமே ஐ2சி (ஒரே இரண்டு கம்பிகளில் பல சிப்கள் பேசும் முறை) வகை, 3, 5 ஆம் பின்களைப் பகிர்ந்துகொள்பவை; பகிர்வதில் தப்பே இல்லை, ஆனால் ஆளுக்கொரு முகவரி வேண்டும், இவையோ வழக்கமாக ஹெக்ஸ் 40 (பதினாறு அடிமான எண்) என்ற ஒரே முகவரியோடு வந்து நிற்கும். கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லி எல்லாம் குழம்பிவிடும். பிசிஏ9685 போர்டில் ஏ0 என்று அச்சிட்ட இடத்தில் இரண்டு சின்னத் திட்டுகள் இருக்கும், அவற்றை ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைத்தால் முகவரி 41 ஆகிவிடும். இப்படி மாற்ற வழியில்லாத போர்டு அடுக்குக்கு ஆகாது.

டாக் போர்டு ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறை) வகை. ஜிபிஐஓ 18, 19, 21 (இது பின்களின் இட எண் அல்ல, வேறு எண் வரிசை) அதற்கே போய்விடும், பிற்பாடு ரிலே (மின் சுவிட்ச்) போர்டு சேர்ப்பதாக இருந்தால் இதை ஞாபகம் வையுங்கள். 2014ல் வந்த ஹேட் (பை மேல் செருகும் போர்டுகளுக்கான தரம்) விதிப்படி போர்டிலேயே ஒரு அடையாளச் சிப் உண்டு, பை அதை 27, 28 ஆம் பின்கள் வழியாகப் படித்துக்கொள்ளும். மேலே ஒரே ஒரு போர்டு என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது! இரண்டு போர்டில் அந்தச் சிப் இருந்தால் மோதும். ஒன்றில் இல்லாததாகப் பார்த்து வாங்கி, அதற்கான ஓவர்லே வரியை (எந்த போர்டு இருக்கிறது என்று பைக்குச் சொல்லும் வரி) கான்ஃபிக் கோப்பில் கையால் எழுதிவிடுங்கள்.

அப்புறம் மின்சாரம். சர்வோவுக்குப் பையின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். மோட்டார் திணறும்போது மின்னழுத்தம் சரிந்து பை தானாக ரீபூட் ஆகும், நீங்கள் கோடில் தப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். போர்டில் உள்ள திருகு டெர்மினலில் தனி சப்ளை கொடுங்கள்.

கேள்வி: என் போர்டில் மேல்பக்கம் பின்கள் எதுவும் நீட்டவில்லை. அதன்மேல் இன்னொன்றை எப்படி வைப்பது?

பதில்: அதை அடுக்கின் உச்சியில் வையுங்கள், தீர்ந்தது. அப்படிப்பட்டது இரண்டு இருந்தால் ஒன்றின் ஹெடரைக் கழற்றி, நீளக்கால் ஸ்டாக்கிங் ஹெடரைச் சால்டர் செய்ய வேண்டிவரும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் அந்த வம்பே வேண்டாம், வேறு போர்டு பாருங்கள்.