பூசுவதற்கு முன் நோயின் பெயர் தெரியட்டும்: தோல் நோய்கள் பற்றிய கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விதமாகவே தொடங்குகின்றன: பாமசியில் ஒரு ரியூப் தந்தார்கள், பூசினேன், முதலில் சுகமானது, பிறகு மோசமானது. கொழும்பில் தோல் வைத்தியராக இருக்கும் எனக்கு இது நாள்தோறும் கேட்கும் கதை. ஆகவே அந்த ரியூபிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படர்ந்து அரிக்கிறது. கிறீம் பூசினால் மூன்று நாளில் அடங்கும், விட்டால் முன்னதைவிடப் பெரிதாக வரும். எட்டு மாதமாகிறது. (முச்சக்கரவண்டி ஓட்டுநர், கொட்டாஞ்சேனை)

நீங்கள் சொல்வது பெரும்பாலும் பூஞ்சணத்தால் வரும் படர்தாமரை. ரியூபின் பக்கவாட்டில் உள்ள சிறிய எழுத்தை ஒருமுறை வாசியுங்கள். குளோபெற்றசோல் அல்லது பீற்றாமெதசோன் என்றிருந்தால் அது ஸ்ரீரொயிட். அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், ஆனால் பூஞ்சணத்தைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பையும் தணித்துவிடுவதால், பூஞ்சணம் தடையின்றிப் பரவும். சில மாதங்களில் வட்டத்தின் விளிம்பே அழிந்துபோய், பார்க்கும் வைத்தியருக்கும் அடையாளம் தெரியாத நிலை வரும். தொடை இடுக்கின் தோல் மெல்லியது என்பதால், அங்கே விழும் வரித்தழும்புகள் பிறகு மறைவதுமில்லை.

அந்தக் கிறீமை நிறுத்திவிட்டு வாருங்கள். நிறுத்திய சில நாட்களுக்கு அரிப்புக் கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விளிம்பிலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூஞ்சண இழைகள் தெரியும். பூஞ்சண எதிர்ப்புக் கிறீமைத் தடிப்பின் மேல் மட்டுமல்லாமல் அதைச் சுற்றி 2 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு கிழமை தொடர வேண்டும். உங்களைப் போல் பரவிவிட்டவர்களுக்குப் பல கிழமைகள் குளிசையும் தேவைப்படும். தெற்காசியாவில் இப்போது ரேர்பினஃபின் குளிசைக்குப் படியாத பூஞ்சணமும் பரவியிருப்பதால், நண்பருக்குச் சுகமளித்த குளிசை உங்களுக்கும் வேலை செய்யும் என்று எண்ணாதீர்கள். கொலஸ்ரரோல் குளிசையோ இருதய நோய்க்கான மருந்தோ எடுப்பவரானால் அதை முதலிலேயே சொல்லுங்கள், ஏனெனில் இற்றாகொனசோல் என்ற பூஞ்சண எதிர்ப்புக் குளிசை அவற்றோடு முரண்படும். றெக்சின் இருக்கையில் நாள் முழுவதும் வியர்வையோடு இருப்பது உங்கள் தொழிலின் சாபம். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, அதைத் தினமும் துவைத்துப் போடுங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். நான்கு பேருக்கு இரவில் தாங்க முடியாத அரிப்பு. ஒருவருக்குப் பின் ஒருவராக மருந்து பூசியும் மாறவில்லை.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: ஒருவருக்குப் பின் ஒருவராகப் பூசினீர்கள். இரவில் கூடும் அரிப்பு, ஒரே அறையில் பலருக்கு வருவது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம் என்று பருக்கள் காணப்படுவது ஆகியவை சேர்ந்தால் அது சொறிச் சிரங்காகவே இருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணி ஒன்று மேல்தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. விரல் இடுக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பென்சிலால் கீறியது போல் சில மில்லிமீற்றர் நீளமான சாம்பல் நிறக் கோடு தெரியலாம். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். ஆகவே அரிப்பில்லாத அந்த இரண்டு பேரும் நோயற்றவர்கள் என்று கொள்ள முடியாது.

ஆறு பேரும் ஒரே இரவில் 5 வீத பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியையும் தொப்புளையும் விடாமல் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். ஏழு நாளின் பின் இதையே மறுபடி செய்யுங்கள். விரிப்பு, தலையணை உறை, துவாய், உடுத்த உடுப்பு எல்லாவற்றையும் அதே நாளில் வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை ஒதுக்கி வையுங்கள். உண்ணி இறந்த பிறகும் இரண்டு, மூன்று கிழமை அரிப்பு நீடிக்கும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று தினமும் பூசத் தொடங்குபவர்கள் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். கடைசி வார இறுதியில் ஊருக்குப் போய் வந்தவர் இருந்தால், அந்த வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் நோய் பேருந்தேறி யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வருகிறது.

கேள்வி: முதுகிலும் மார்பிலும் வெளிறிய புள்ளிகள். சுகமாகி ஒரு மாதம் கழித்தும் நிறம் வரவில்லை.

சிங்களத்தில் அலுஹம் என்பார்கள், நாங்கள் தேமல் என்கிறோம். எல்லோருடைய தோலிலும் இருக்கும் ஒரு மதுவம், அதாவது ஒருவகைப் பூஞ்சண நுண்ணுயிர், கொழும்பின் புழுக்கத்தில் பெருகுவதால் வருவது. நகத்தால் மெதுவாகச் சுரண்டும்போது தவிடு போல் பொடி உதிராவிட்டால் நோய் அடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும்.

கேள்வி: அப்பாவின் முழங்கையில் ஒரு வெளிறிய தடம். அரிப்பே இல்லை. தேமல் மருந்து பூசியும் மாறவில்லை. (வத்தளை)

அரிப்பே இல்லை என்றதும் என் கவனம் கூடுகிறது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியின் நுனியால் முதலில் நல்ல தோலையும் பிறகு அந்தத் தடத்தையும் தொட்டு, தொடும் ஒவ்வொரு முறையும் விரலால் காட்டச் சொல்லுங்கள். தடத்தின் மேல் தொட்டது தெரியாவிட்டால், அல்லது அங்கே வியர்வையும் மயிரும் குறைந்திருந்தால், தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். தொட்டது தெரிந்தாலும், மருந்துக்கு மாறாத தடத்தை வைத்தியர் ஒருவர் பார்ப்பதே சரி.

அந்தச் சொல் உங்களைப் பதறவைக்கும் என்று அறிவேன். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோய் இல்லம் கட்டி நோயாளரை ஒதுக்கி வைத்த நினைவு நம்மவர் மனதிலிருந்து இன்னும் போகவில்லை. இன்று நிலைமை வேறு. கூட்டு மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் அற்றுப்போவதால், அப்பாவை எவரும் ஒதுக்கத் தேவையில்லை. தாமதித்தால் கை நரம்பு பாதிக்கப்பட்டு விரல் மடங்கும், அதுதான் திரும்பப் பெற முடியாத இழப்பு. உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் எக்ஸிமா. டொக்டர் ஸ்ரீரொயிட் தந்தார், அம்மம்மா பூசவிட மாட்டேன் என்கிறார்.

முதல் கேள்விக்கு நான் எழுதியதை அம்மம்மா வாசித்தால் இன்னும் பிடிவாதம் பிடிப்பார். ஆனால் பூஞ்சணத்தில் கேடு செய்யும் அதே மருந்து, எக்ஸிமாவில் சரியான வலிமையிலும் சரியான நாள் கணக்கிலும் பூசினால் குழந்தையைத் தூங்க வைக்கும். அளவுக்கு ஒரு வழி இருக்கிறது: பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ரியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம், விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரு உள்ளங்கை அளவான தோலுக்கு அது போதும். பயத்தில் பொட்டுப் போலத் தொட்டு வைப்பதால் நோய் அடங்காமல், கடைசியில் கூடுதலான மருந்துதான் செலவாகிறது.

இதைவிட முக்கியமானது ஈரப்பதம். சவர்க்காரத்தைக் குறைத்துக் குறுகிய நேரம் குளிக்கவார்த்து, ஒற்றித் துடைத்த கையோடு வெண் பரஃபின் போன்ற வாசனையற்ற களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். அம்மம்மா தேங்காயெண்ணெய் பூசுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதில் இலைகளைக் காய்ச்சிச் சேர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: கன்னத்தில் மங்கு. புறக்கோட்டையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீம் ஒரு மாதத்தில் பலன் தந்தது. தொடரலாமா?

தொடர வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத கிறீம் அவ்வளவு விரைவாக வெளுக்கவைத்தால், வலிய ஸ்ரீரொயிட்டோ பாதரசமோ இருக்கும் என்றே சந்தேகிக்க வேண்டும். பாதரசம் தோலினூடாகச் சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; காலில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ கண்டால் அன்றே வைத்தியரைப் பாருங்கள். மங்குக்கு வெயில் காப்பே அடிப்படை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிறீன் நமக்கு நல்லது. நிறம் வெளுக்கக் குளுத்தாதயோன் ஊசி போடுவீர்களா என்று கேட்டு எழுதிய மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நான் போடுவதில்லை.

கேள்வி: உடம்பெங்கும் தடித்துத் தடித்து மறைகிறது. டொக்டரிடம் போகும்போது ஒன்றும் இருப்பதில்லை.

காணாக்கடியாக இருக்கலாம். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் வட்டம் கீறி நேரத்தை எழுதிப் படமெடுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் வட்டத்துக்குள் இருந்தது மறைந்து வேறிடத்தில் எழும்பினால் அதுவேதான். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், படமெடுத்து நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: சனல் செய்தால் (தனியார் வைத்தியசாலையில் நேரம் பதிந்து போனால்) ஐந்து நிமிடம்தான் பார்க்கிறார்கள். எப்படிப் போக வேண்டும்?

பூசிய எல்லா ரியூப்களையும், வெறுமையானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ‘வெள்ளை நிறக் கிறீம்’ என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் விளங்காது. பவுடர், நகப்பூச்சு, முகப்பூச்சு எதுவும் வேண்டாம். வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்பதைக் கேட்டறிந்துகொண்டு போங்கள். மருதாணிக் கோணும் தலைச்சாயமும் மருந்தல்ல என்பதால் பலர் அவற்றைச் சொல்வதில்லை. அவற்றின் பெட்டிகளையும் அதே பையில் போடுங்கள்.