இந்திய அணிக் கேப்டனாக இருந்தவர் நல்ல கோச்சாகவும் இருப்பாரா?

கேள்வி: எங்கள் ஊர் கால்பந்துப் பயிற்சி மையத்துக்கு முன்னாள் இந்திய அணிக் கேப்டன் ஒருவர் தலைமைக் கோச்சாக வருகிறார். கட்டணம் இரண்டு மடங்காகிவிட்டது. பெரிய ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்கிறார்களே, மகனை அங்கேயே தொடரவிடலாமா?

பதில்:

"பெரிய ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க வராது" என்று யார் சொன்னாலும் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. அப்படிச் சொல்கிறவர்களில் பலர் பி.கே. பானர்ஜி என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பை அணியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்ட இந்தியக் கேப்டன் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்தான் பி.கே. அந்த ஆட்டம் 1-1 என்று டிராவில் முடிந்தது.

நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் நடக்கப் பழகியதும் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவோம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலை கிடைத்து, தொண்ணூறுகளில் சில வருடங்கள் கல்கத்தாவில் இருந்தேன். இப்போது ஊரில் சிறுவர்களுக்குச் சாயங்காலம் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் இது கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லும் பதில் அல்ல. எனக்கு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆட்களைப் பார்த்த அனுபவம் உண்டு என்று பெருமைக்காகச் சொல்லவில்லை, "நீ யார் சொல்ல?" என்று கீழே கேட்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். புது கோச் வந்த முதல் வாரம் பையன் வீட்டில் அவரைத் தவிர வேறு எதையும் பேச மாட்டான். கேப்டன் என்ற பேர் செய்து கொடுப்பது அவ்வளவுதான். பையன்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதற்கு அப்புறம் அந்த ஆள் என்ன பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பி.கே.யின் கதை தெரிந்தால் இது புரியும். ஜல்பைகுரிப் பக்கம் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே பீகாருக்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி ஆடியவர். ரைட் விங்கில் ஓடினால் பிடிக்க முடியாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனாலும் கல்கத்தாவின் இரண்டு பெரிய எதிரிக் கிளப்புகளான மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் வேலை, ரயில்வே அணிக்கே ஆட்டம். 1958-ல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீகையே வென்றது. பெரிய கிளப்புகளைத் தாண்டி ஒரு அலுவலக அணி லீகைப் பிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கல்கத்தாவில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. அன்று மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. தலையில் தையலோடு ஜர்னைல் சிங் முன்வரிசையில் ஆடி இன்னொரு கோல் போட்டார். கோல் கம்பத்தில் நம் பீட்டர் தங்கராஜ் நின்றார். அந்த அணிகளையெல்லாம் உருவாக்கிய கோச் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தவர் அல்ல. புற்றுநோயோடு அந்த அணியை ஜகார்த்தாவுக்குக் கூட்டிப்போனார், அடுத்த வருடமே இறந்துபோனார். பி.கே. கோச்சிங்கைக் கற்றது அந்த ஆளின் பக்கத்தில் நின்று. ஒரு கேப்டனை எடைபோடும்போது அவர் எத்தனை கோல் போட்டார் என்பதைவிட, யாரிடம் ஆடினார் என்பதைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு அவர் செய்தது இன்னும் பெரிது. 1972-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு கோச். 1975-ல் கல்கத்தாவின் பழைய கோப்பைப் போட்டியான ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று அடித்தார்கள். அந்த ஐந்து கோலைப் பற்றி கல்கத்தாவில் இன்றும் பேசுகிறார்கள். அடுத்த வருடம் அதே மனிதர் மோகன் பகானுக்குப் போய் அவர்களைத் தூக்கி நிறுத்தினார். 1977-ல் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு மோகன் பகான் 2-2 டிரா செய்தபோது கோச் இவர்தான். முந்தைய வருடம்வரை எதிரியாக இருந்த ஆட்களைத் தன் பேச்சைக் கேட்க வைப்பது சாதாரணமா? ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் அவர் பேசும் பேச்சுக்கு கல்கத்தா பத்திரிகைகள் 'வோக்கல் டானிக்' என்றே பேர் வைத்திருந்தன.

அந்த டானிக்கின் விளைவை என் கண்ணால் பார்த்தேன். 1997 ஜூலை 13, கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம், இந்தியக் கிளப்புகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே., மோகன் பகானுக்கு அமல் தத்தா. ஆட்டக்காரர்களை வைர வடிவில் நிறுத்தும் தத்தாவின் 'டயமண்ட்' ஆட்டமுறை அந்த சீசனில் எதிரிகளைக் கோல் மழையில் நனைத்துக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆட்கள் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். போதாததற்கு தத்தா பேட்டிகளில் எதிரணி ஆட்டக்காரர்களைக் கேலி செய்தார். ஓமோலோவை ஆம்லெட் என்றார், சோசோவை வெள்ளரிக்காய் (வங்காளத்தில் 'சொஷா') என்றார், சிக்கிமிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் பைசுங் பூட்டியாவையும் விடவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு தாதா (வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம்) கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேல் அடுக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஈஸ்ட் பெங்கால் ஆட்கள் முதல் நிமிடத்திலிருந்து ஓடிய ஓட்டம் இருக்கிறதே, நானும் பந்தாடியவன்தான், கால் மட்டும் ஓடினால் அப்படி வராது. நஜிமுல் ஹக் முதல் கோல். இடைவேளை முடிந்ததும் பூட்டியா ஒன்று. மோகன் பகானின் சீமா ஒகோரி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது எதிர்ப்பக்க கேலரி எழுந்து ஆடியது. கடைசி நேரத்தில் பூட்டியா இன்னும் இரண்டு. 4-1. வெளியே வரும்போது தாதா தேம்பித் தேம்பி அழுதார், அவர் வயது அப்போது ஐம்பதுக்கு மேல். மறுநாள் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறியது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால், அது அந்த ஊர் வழக்கம்.

அமல் தத்தா அபிமானிகள் யாராவது படித்தால் சண்டைக்கு வர வேண்டாம். வேலையை உதறிவிட்டு முழுநேரக் கோச்சானவர் அவர், அவரும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். அந்தக் கோப்பையின் இறுதியில் பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால், கோவாவின் சல்கோகர் அணியிடம் தோற்றதும் எனக்குத் தெரியும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் பி.கே. பயிற்சி கொடுத்த இந்திய அணி சவுதியிடம் காலிறுதியில் வெளியேறியதையும் சொல்வார்கள். சொல்லட்டும். தேசிய அணிக்கு முகாம் போட்டு சில மாதம் பயிற்சி கொடுப்பதும், கிளப்பில் வருடக்கணக்காகத் தினம் காலையில் ஒருவனைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். எங்கள் துறை அணிக்கு ஒரு சீசன் கோச்சாக வந்தவர் இந்தியாவுக்கு ஆடியவர். பேர் வேண்டாம். முதல் பதினோரு பேரைத் தவிர யாருடைய பெயர்கூடத் தெரியாது அவருக்கு. பெஞ்சில் இருந்த எங்களை ஜெர்சி எண் சொல்லித்தான் கூப்பிடுவார். தவறு செய்தால் "நான் உன் வயதில்..." என்று ஆரம்பிப்பார். எங்கே நிற்க வேண்டும், எப்போது உள்ளே வெட்ட வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இயல்பாக வந்ததைச் சொல்லிக்கொடுக்க அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தக் குறை கேப்டன்களுக்கு மட்டும் வருவதில்லை, மாவட்ட அணிக்குக்கூட ஆடாத கோச்களிடமும் இதையே பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்களிலேயே சைமன் சுந்தர்ராஜ் இருக்கிறார். ரோம் ஒலிம்பிக்கில் பி.கே.யின் அணியில் ஆடிய தமிழர், கேப்டன் இல்லை. 1973-ல் கேரளம் முதன்முதலாக சந்தோஷ் டிராஃபியை வென்றபோது கோச் அவர்தான், இறுதியில் ரயில்வேயை வென்றார்கள். கேரளத்தில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. துறை அணிக்கு ஆடும்வரை எங்களுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பிறகு, மாவட்டச் சிறுவர் அணியைப் போட்டிக்குக் கூட்டிப்போக விடுப்பு கேட்டேன். "பந்து உதைத்து வேலை வாங்கினாய், இப்போதாவது ஃபைலைப் பார்" என்றார் ஒரு மேலதிகாரி, பத்துப் பேர் முன்னால். சொந்த விடுப்பை எடுத்துத்தான் போனேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் இனாம் என்று நினைக்கிறவர்கள், எங்கள் முழங்கால் எக்ஸ்ரேயை ஒருமுறை பார்க்கட்டும். பி.கே.யும் ரயில்வே ஊழியர்தான். அவரிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கல்கத்தா சும்மா விட்டிருக்காது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனை அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து, வேலியோரம் நின்று ஒரு பயிற்சியை முழுதாகப் பாருங்கள். அவர் பெஞ்சுப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, தவறு செய்தவனை நிறுத்தி இடத்தைக் காட்டிச் சொல்கிறாரா, தன் பழைய ஆட்டங்களைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கவனியுங்கள். திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் உதவியாளரிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை வருகிறவர் என்றால் அந்தக் கட்டணம் வெறும் பேருக்குத்தான். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள்.