ஹெட்லைட்டுக்கு ரிலே

கேள்வி: எங்கள் கேம்பர் வேன் 1970களில் வந்தது. எஞ்சின், பேட்டரி இரண்டும் பின்னால். புது பல்பு போட்டும் ஹெட்லைட் மங்கல்தான். கூடுதல் வாட் பல்பு போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய சுவிட்ச் சூடாகி உருகிவிடும். 55 வாட் பல்பு இரண்டுக்கே ஒன்பது ஆம்பியர் வேண்டும். அவ்வளவும் பின்னாலிருந்து வந்து, தேய்ந்த சுவிட்ச் வழியாகப் போகும்போது வோல்ட் குறைகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும்! விளக்கை எரியவிட்டு, பேட்டரியிலும் பல்பு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே போடுங்கள். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்; பழைய சுவிட்ச் அதை இயக்கினால் போதும்.

லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: பழைய ஹெட்லைட் வயர் 86இல், எர்த் (வேனின் பாடிக்குப் போகும் வயர்) 85இல், பல்புக்குப் போவது 87இல். 30க்கு பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. வயர் இழுங்கள். அதன் ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃப்யூஸ் முன்னால் இருந்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டாலும் அது காப்பாற்றாது, வேனே பற்றிக்கொள்ளும். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் விளக்கின் எர்த் முனையில் துரு இருந்தால் சுரண்டிவிடுங்கள்.