முழங்காலிலிருந்து எந்திர மூட்டுக்கு: கேள்வி பதில்

முழங்கால் ஒரு கீல்தானே? நடுவில் ஓர் அச்சை வைத்து மோட்டாரைப் பொருத்தினால் போதாதா? (அருண், கோவை)

கீலின் அச்சு ஓரிடத்தில் நிற்கும். முழங்காலின் அச்சு நிற்பதில்லை. காலை மடக்கும்போது தொடை எலும்பின் உருண்ட முனை கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் உருள்வதோடு சறுக்கவும் செய்கிறது என்பதை ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் 1836இலேயே விவரித்தார்கள். வெறுமனே உருண்டால் அது பின்பக்கமாக இறங்கிவிடும். மூட்டுக்குள் குறுக்காக ஓடும் இரண்டு தசைநார்களே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் அவ்விரு தசைநார்களும் இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஒரு நான்கு தண்டுப் பிணைப்பு, அதாவது முனைகளில் கோத்த நான்கு தண்டுகள் சேர்ந்து அசையும் அமைப்பு; தசைநார்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியே அக்கணத்தின் சுழல்மையம், அதாவது மூட்டு அப்போது சுழலும் அச்சு. கால் மடங்க மடங்க அப்புள்ளி பின்னோக்கி நகர்கிறது.

அச்சு நகர்வதால் நடைமுறையில் என்ன பயன்? (மெஹருன்னிசா, திருச்சி)

செயற்கைக் கால்களில் இது தெளிவாகத் தெரியும். கால் நீண்டிருக்கையில் சுழல்மையம் உயரத்திலும் பின்புறத்திலும் அமைவதால், எடையை ஊன்றும்போது மூட்டு மடங்கிவிடாது. மடங்கத் தொடங்கியதும் கீழ்க்கால் சற்றுக் குறுகியதுபோல் ஆகி, பாதம் தரையில் இடறாமல் முன்னே வருகிறது. இவை இரண்டும் மின்சாரமோ உணரியோ இல்லாமலே கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முழங்காலும் இவ்வாறு பல அச்சுகளில் இயங்குவதே.

அப்படியானால் மனித உருவ ரோபோக்கள் பலவற்றில் ஒற்றை அச்சு மூட்டே இருப்பது ஏன்? (பிரவீன், சென்னை)

கணக்கு எளிது, பேரிங் மலிவு, கோணத்தை அளப்பதும் சுலபம். ரோபோ தனியாக நடக்கும்வரை அதில் பெரிய குறை இல்லை. மனிதர் காலில் கட்டிக்கொள்ளும் வெளிக்கூட்டுக்கு மட்டும் அதை நான் ஒப்பமாட்டேன்: மனித முழங்காலின் அச்சும் வெளிக்கூட்டின் அச்சும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது பட்டைகள் தோலை இழுத்துத் தேய்க்கும்.

உருளும் மூட்டு என்கிறார்களே, அது மோட்டாரின் சுமையைக் குறைக்குமா? (தமிழ்ச்செல்வி, மதுரை)

வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தால் குறைக்கும். இரண்டு வளைந்த பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உருள, குறுக்காகச் சுற்றிய பட்டைகள் அவற்றை வழுக்காமல் பிடித்திருக்கும். அவை தொடும் இடமே சுழல்மையம். ரோபோவின் மேலுடல் 40 கிலோ என்றும், அது குந்தும்போது எடைக்கோடு முழங்காலுக்கு 20 செ.மீ. பின்னால் விழுகிறது என்றும் கொள்வோம். ஒவ்வொரு முழங்காலும் ஏறத்தாழ 39 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தர வேண்டும். நேராக நிற்கும்போது தேவை கிட்டத்தட்டச் சுழியம். மூட்டை நீட்ட மோட்டார் இழுக்கும் முன்புறக் கேபிள், பரப்புகளின் தொடுபுள்ளியிலிருந்து 4 செ.மீ. தொலைவில் ஓடினால் அது 980 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும், 6 செ.மீ. ஆனால் 650 போதும். ஆகவே மடங்கும்போது தொடுபுள்ளி கேபிளை விட்டுப் பின்னே விலகும்படி பரப்பைச் செதுக்கினால், சுமை மிகும் கோணத்தில் நெம்புகோல் தானே நீள்கிறது. கியர் மாற்றும் வேலையைப் பரப்பின் வளைவே பார்த்துக்கொள்கிறது. நம் முழங்கால் சில்லும் தொடைத் தசைக்கு நெம்புகோலை நீட்டித் தருவதுதான். விலையும் உண்டு: சுமை முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் விழுவதால் பரப்பு கடினமாக இருக்க வேண்டும்.

கால் முழுதாக நீளும்போது கீழ்க்கால் வெளிப்புறமாகச் சற்றுத் திருகிப் பூட்டிக்கொள்கிறதாம். அதையும் நகலெடுக்க வேண்டுமா? (ஜெயந்தன், யாழ்ப்பாணம்)

வேண்டாம் என்பேன். அந்தத் திருகலின் பயன், தசையை அதிகம் வருத்தாமல் நிற்பது. ரோபோவில் ஒரு தடுப்புக்கட்டையே அதைத் தந்துவிடும். நடக்கும் எந்திரங்களை ஆராய்ந்த பொறியாளர் டாட் மெக்கீர் 1990இல் காட்டிய, மோட்டாரே இல்லாமல் சரிவில் இறங்கி நடந்த எந்திரத்தின் முழங்கால்களில் அத்தகைய தடுப்புதான் இருந்தது.

பாலிடெக்னிக் மாணவன் நான், எங்கே தொடங்கலாம்? (ஹரிஷ், ஈரோடு)

முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D பிரிண்டர்) இரண்டு அரை உருளைகளை அச்சிட்டு எடுத்து, நீளாத பின்னல் தூண்டில் நூலால் குறுக்காகக் கட்டுங்கள். நூல் நீண்டால் உருளைகள் வழுக்கும், கோணக் கணக்கு பிழைக்கும். எனவே கோண உணரியை மோட்டாரில் மட்டும் வைக்காமல் மூட்டிலும் ஒன்று வையுங்கள்.