கிரேன் தாங்கும், வயல் மண் தாங்குமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் மின்மாற்றி இறக்கும் வேலையைச் சப்-கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். எடை 16 டன். 50 டன் கிரேன் பேசியாகிவிட்டது. வயலில் சவுட்டு மண் அடித்து மேடாக்கிய இடம். "மூன்று மடங்கு பெரிய வண்டி, பயமே வேண்டாம்" என்கிறார் கிரேன்காரர். நம்பலாமா?

பதில்: அந்த 50 டன் என்பது, பூம் (கிரேனின் தூக்குக் கை) குட்டையாக இருந்து சுமையும் கிரேனை ஒட்டி, ஏறக்குறைய 3 மீட்டருக்குள் நிற்கும்போது மட்டும்தான். 8 மீட்டர் தள்ளி இறக்க வேண்டியிருந்தால் அதே வண்டி மூன்றில் ஒரு பங்கு தூக்கவே திணறும். கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரை டேப் பிடித்து அளந்து, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் லோடு சார்ட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். கொக்கி, பெல்ட், ஷேக்கிள் (இணைப்பு வளையம்) எடையையும் சுமையோடு சேர்க்க வேண்டும். இதெல்லாம் நல்ல ஆபரேட்டருக்குத் தெரிந்த கணக்குதான். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாதது, உங்கள் வயல் மண்.

கிரேன் தன் எடையே சுமார் 40 டன் என்று வைப்போம். சுமையோடு 56 டன். கிரேன் மூலைகளில் ஊன்றி நிற்கும் கால்களைத்தான் ஜாக்கி என்கிறோம். பூம் ஒரு ஜாக்கிக்கு நேர் மேலே திரும்பும்போது, மொத்த எடையில் முக்கால் பங்கு அந்த ஒரு ஜாக்கியிலேயே இறங்கும் என்று கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. அதாவது 42 டன். ஜாக்கித் தட்டு அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 168 டன் அழுத்தம்! மிதமாக அழுத்தினாலே கட்டைவிரல் பதியும் களிமண்ணுக்கு, முதல்கட்ட மதிப்பீடாக இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 (1978 பதிப்பு) தந்தது சதுர மீட்டருக்கு 10 டன்தான். விரல் சில சென்டிமீட்டர் உள்ளே போய்விடும் சேறென்றால் 5 டன். ஆக, முதல் வகை மண்ணில் ஒரு ஜாக்கிக்குக் கீழே 4.2 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். இரண்டாவது வகையில் 8.4.

இந்த விரல் சோதனையை மேடாக்கிய மண்ணின் மேலே செய்து ஏமாந்துவிடாதீர்கள். கொட்டிய மண்ணுக்கு இந்த எண்கள் பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு ஜாக்கி வரும் இடத்துக்கும் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் குழி எடுத்து, சவுடு முடிந்து பழைய வயல் மண் தொடங்கும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் அழுத்திப் பாருங்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நம் களி, மேலே ஒன்றரை அடி பாறைபோல இருக்கும். கீழே ஈரம் அப்படியே இருக்கும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து பக்கத்து வயல்களில் நின்றுவிட்டால் அந்த மேல்தோடும் இளகிவிடும். மே மாதம் எடுத்த சோதனையை வைத்து ஆகஸ்டில் கிரேன் நிறுத்தக் கூடாது. தேதி உங்கள் கையில் இருந்தால் தண்ணீர் வருமுன் முடித்துவிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இங்கே குட்டை இருந்ததா, கன்னி வாய்க்கால் (வயலுக்குப் பாயும் சிறு வாய்க்கால்) ஓடியதா, போர்வெல் போட்டு மூடினார்களா? வரைபடத்தில் வராதது அவர்கள் நினைவில் இருக்கும். கேபிள் பள்ளம், வாய்க்கால் கரை எதுவானாலும், அதன் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் ஜாக்கி தள்ளியே நிற்கட்டும்.

பரப்பைக் கூட்டும் வழி எளிது. வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவலை அரை மீட்டர் கனத்துக்கு, அடுக்கடுக்காக ரோலர் விட்டு இறுக்குங்கள். சுமை அதில் இறங்கும்போது ஒவ்வொரு பக்கமும் கால் மீட்டர் அளவுக்கு விரியும். அதன்மேல் 1.6 மீட்டர் சதுரத்தில் ஸ்லீப்பர் கட்டைகளை (ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் வகைக் கட்டை) குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு போட்டால், 10 டன் தாங்கும் மண்ணுக்குக் கணக்கு சரியாகிவிடும். 5 டன் மண் என்றால் கட்டை அடுக்கு 2.4 மீட்டர் சதுரமாவது வேண்டும். மெல்லிய இரும்பு பிளேட்டை மட்டும் போட்டுவிட்டுப் பரப்பு கூடிவிட்டது என்று நினைப்பது ஆபத்து: அது நடுவில் வளைந்துகொடுக்கும், ஓரம் சுமையே வாங்காது.

தூக்கும் நாளில் முதலில் வெறும் பூமை ஒவ்வொரு ஜாக்கிக்கு மேலும் கொண்டுபோய் நிறுத்தி, கட்டை ஓரத்தில் கோடு போட்டு இறக்கத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு மின்மாற்றியை ஒரு சாண் மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். பூம் நுனி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால், வண்டி 1 டிகிரி சாய்ந்தாலே கொக்கி 35 சென்டிமீட்டர் வெளியே போய்விடும். அந்த அளவுக்குத் தூரம் கூடி, கிரேனின் திறன் குறையும். கோடு இறங்கிக்கொண்டே இருந்தால் பூமைத் திருப்பாமல், இருந்த இடத்திலேயே சுமையை இறக்கச் சொல்லுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதைக் காலையிலேயே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.